ஒடிந்த விலாவும் மாமன் மடியும்

நாற்பதைத் தாண்டியவன் சோளத்தட்டுப் போரின் உச்சியில் நின்று கூத்துக் காட்டக் கூடாது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். கீழே ஏழெட்டுப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் சிரித்தாலே எனக்குப் புத்தி பாதி போய்விடும்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பஸ்ஸில் போர்டு மலையாளத்திலும் சண்டை தமிழிலும் இருக்கிற பகுதியில் எங்கள் தோட்டம். எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். சோளம் அறுத்து முடித்து, காய்ந்த தட்டைப் போராக அடுக்கிக்கொண்டிருந்தோம். கீழே இருப்பவர்கள் கட்டுக்கட்டாக வீச, மேலே நின்று வாங்கி அடுக்குவது என் வேலை. அடுக்கி முடித்தாயிற்று. பேசாமல் ஏணியில் இறங்கியிருக்கலாம். அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த அம்மா ஒருத்தி, "ஏனுங்க, உங்க மாப்பிள்ளை தோட்டம் பாக்கறாப்பல ஒருக்கா நடந்து காட்டுங்க" என்று கேட்டாள். ஆசையாக ஒருத்தி கேட்ட பிறகு எப்படி இறங்குவது?

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். ஆனைகட்டிப் பக்கம் அவர்களுக்குத் தோட்டம். நல்ல மனுசன். ஆனால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவில்கூட, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று எட்டிப் பார்ப்பவரைப் போலத்தான் நிற்பார். எங்கள் தோட்டத்துக்கு வந்தால் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைப்பார். பயிரைப் பார்ப்பார். "ம்ம்" என்பார். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்று மறுபடியும் பார்ப்பார்.

அந்த இரண்டடியைத்தான் நானும் போனேன். அவருக்குப் பின்னால் எப்போதும் நிலம் இருக்கும்.

விழுந்தது மாட்டுவண்டியின் மேல். வண்டியின் பக்கவாட்டில் குத்தி நிறுத்திய கட்டை இடது விலாவில் இடித்தது. உள்ளே சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். கீழே கிடந்தேன். மூச்சை இழுத்தால் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். மோர்ச்சட்டியோடு வந்த என் மனைவி என் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துவிட்டு, "போதும் எந்திரிங்க. எல்லாரும் சிரிச்சாச்சு" என்றாள்.

நான் எழவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பதிலும் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் சட்டியைப் போட்டுவிட்டு அலறினாள்.

பாலக்காட்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வாரியெல்லு ரெண்டெண்ணம் பொட்டியிட்டுண்டு" என்றார். விலா எலும்பு இரண்டு போயிற்று. பிறகு எனக்குத் தண்டனை வாசிப்பவர் போல விரலை மடக்கினார். "சிரிக்கருது. சுமய்க்கருது. தும்மருது."

சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது. இருமலும் தும்மலும் எனக்கு எப்போதாவது வருவதுதான். முதலாவதை நினைத்துத்தான் கலங்கிப்போனேன்.

"பேசலாமுங்களா டாக்டரய்யா?" என்று என் மனைவி கேட்டாள்.

"சம்சாரிக்காம். பதுக்கெ மதி." பேசலாம், மெதுவாக என்றார்.

"அதையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே விலாவில் கத்தி இறங்கியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, முதுகுத்தண்டிலிருந்து நெஞ்சு வரை இடது பக்கம் முழுவதும் அகல அகலமான பிளாஸ்திரியை இழுத்து ஒட்டினார். ஒன்றரை மாசமாவது கனமாக எதையும் தூக்கக் கூடாது, மடியில்கூட வைக்கக் கூடாது என்றார். மடியில் எதை வைக்கப் போகிறேன் என்று அப்போது அலட்சியமாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான் என் மனைவி மெதுவாக, "ஏனுங்க, பங்குனியில அம்மணி பையனுக்குக் காதுகுத்துங்களே" என்றாள்.

இதை விளக்கியாக வேண்டும். என் தங்கைக்குக் கல்யாணமாகிப் பத்து வருசத்துக்கு மேல் குழந்தையில்லை. போகாத கோயிலில்லை, தின்னாத மருந்தில்லை. புகுந்த வீட்டில் வாயால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சீமந்தம், தொட்டில் போடுவது என்று எங்கே போனாலும் அவளைப் பின்வரிசையில் நிற்க வைத்தார்கள். கடைசியில் அவர்கள் குலதெய்வத்தின் முன்னால் போய் நின்று, பிள்ளை பிறந்தால் எங்கண்ணன் மடியில் வைத்து முடியிறக்கிக் காது குத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த வருசம் பையன் பிறந்தான். அதிலிருந்து அவன் தலையில் கத்தி படவில்லை. முடி தோள் வரை தொங்கியது. சித்திரை வந்தால் அவனுக்கு நாலாவது வயசு பிறந்துவிடும். இரட்டைப்படை வயசில் காது குத்துவது எங்களிடம் வழக்கமில்லை. ஆகவே பங்குனியில் நாள் குறித்து, பத்திரிகையும் அடித்து, ஊரெல்லாம் அழைத்தாயிற்று. மடி கொடுக்க வேண்டியவன் மட்டும் கட்டிலில் கிடந்தான்.

நாலாம் நாளோ என்னவோ, தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னைப் பார்த்தார். "ம்ம்" என்றார். இரண்டடி பின்னால் போய் மறுபடியும் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குமேல் பார்த்திருந்தால் செத்திருப்பேன்.

"எப்பிடி மச்சான் உழுந்தீங்க?" என்று கேட்டார்.

சமையல்கட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த அதே அம்மா, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிப் பக்கம் ஓடினாள்.

"தட்டு வழுக்கிருச்சுங்க மாப்ள."

"பின்னால பாத்து நடக்கோணுமுங்க மச்சான். நானெல்லாம் ஒவ்வொரு அடியும் பாத்துத்தான் எடுத்து வெப்பேன்."

"தெரியுமுங்க மாப்ள," என்றேன்.

அவர் பங்குனிக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு, "உங்க பெரியப்பா பையன் இருக்கறாருங்களே. அவுரும் மாமன் முறைதானுங்க. இந்தத் தடவைக்கு அவுரு மடியில வெச்சுக்கலாமுன்னு பாக்கறேன். பத்திரிகை அடிச்சாச்சு பாருங்க" என்றார். நியாயமான பேச்சுத்தான். கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் தங்கையின் முகம் போன போக்கை நான் பார்த்துவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போனாள். உள்ளே என் மனைவியிடம் அவள் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"சாமிகிட்ட ஆளைச் சொல்லி வேண்டிக்கிட்டனுங்க நங்கை. மாமன் மடின்னு சொல்லியிருந்தாப் பரவால்ல. எங்கண்ணன் மடின்னு சொல்லிப்போட்டேன். இப்ப ஆளை மாத்துனா சாமி கேக்காதுங்களா? பத்து வருசம் கழிச்சுக் குடுத்ததுங்க."

"அழுவாத அம்மணி. உங்கண்ணனைப் பங்குனிக்குள்ள நான் ஒக்கார வெக்கறேன்."

"முடியுமுங்களா?"

"ஒக்காரறதுக்கென்ன? வாயை மூடி ஒக்கார வெக்கறதுதான் கஷ்டம்."

என்னைப் பற்றி எத்தனையோ கிண்டல் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் சிரிக்காமல் இருக்க டாக்டர் தேவைப்படவில்லை.

மறுநாளே பெரியப்பா மகன் ஆரஞ்சுப்பழத்தோடு வந்துவிட்டான். எனக்கு ஒரு வயசு மூத்தவன். நெஞ்சு என்றால் அதுதான் நெஞ்சு. குதிர் மாதிரி இருக்கும். எங்கள் இருவருக்கும் சண்டையெல்லாம் கிடையாது. சின்ன வயசிலிருந்து ஒருவர் விழுவதை இன்னொருவர் பார்க்க ஆசைப்படுவோம், அவ்வளவுதான்.

"நீ எதுக்குடா சிரமப்படறே? நல்லாப் படுத்துக்கோ," என்றான். "மடிதானே? எம்மடி என்ன முள்ளா?"

"முள்ளில்லண்ணா. வயிறு முன்னால நிக்குது. பையன் எங்க ஒக்காருவான்?"

அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். விலா ஒடியாதவன் எவ்வளவு சுகமாகச் சிரிக்கிறான் என்று பார்த்தேன். போகும்போது வாசலில் நின்று, "புது வேட்டி ஒண்ணு எடுத்து வெச்சிருக்கறேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றான்.

அன்றிலிருந்து என் மனைவி வைத்தியத்தைக் கையில் எடுத்தாள். டாக்டரின் பிளாஸ்திரியை அவள் குறை சொல்லவில்லை. அது உள்ளுக்கு என்றாள். வெளிக்கு என்று உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்து, பிளாஸ்திரியின் மேலேயே கனமாகப் பூசி, துணி சுற்றிக் கட்டினாள். எங்கள் ஊரில் கால் ஒடிந்த மாட்டுக்கும் அதே பக்குவம்தான். பொழுது சாய்வதற்குள் அது காய்ந்து ஓடாகிவிட்டது. தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வந்தது. மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் கட்டெறும்புகள் அதைக் கண்டுபிடித்தன. கத்த முடியாது, உதற முடியாது, எழுந்து ஓட முடியாது. ஒவ்வொரு எறும்பாகப் பிடித்து மரியாதையாகக் கீழே இறக்கிவிட்டேன்.

பூச்சு ஒரு பக்கம் இருக்க, பழக்கமும் தொடங்கியது. முதலில் தலையணை. பிறகு ஒரு பூசணிக்காய். பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் எதுவும் கேட்காமல் போய்விடுவார்கள். பூசணிக்காய் முழங்கையால் இடிக்காது என்று சொல்லி, என் மனைவி வெள்ளாட்டுக் குட்டிக்கு மாறினாள். குட்டி ஒரு நிமிசம் இருந்தது. பிறகு என் நெஞ்சை மிதித்து, தோளேறி, கட்டிலுக்குப் பின்னால் குதித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணில் பொறி பறக்க உட்கார்ந்திருந்தேன்.

"இப்பப் பரவால்ல," என்றாள் அவள். "முன்ன மாதிரி ஆத்தா ஊத்தான்னு கத்தறதில்ல."

மாசி முடிகிற சமயம் மாப்பிள்ளை மறுபடியும் வந்தார். இந்தத் தடவை தங்கையோடு பையனும் வந்திருந்தான். பத்து வருசம் காத்துப் பெற்ற பிள்ளை. அந்த வீட்டில் கறந்த பாலும் உருக்கிய நெய்யும் அவன் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இடுப்பில் தூக்கியிருந்த தங்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தாள்.

"சும்மா ஒருக்கா மடியில வெச்சுப் பாத்தறலாமுங்களா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. "முடியலீன்னா இன்னைக்கே உங்க பெரியப்பா பையன்கிட்டச் சொல்லிப்போடலாம்."

நான் திண்டுக்குச் சாய்ந்து உட்கார்ந்தேன். பையனை இறக்கிவிட்டார்கள். அவன், "மாமா!" என்று ஓடி வந்து, மடியில் உட்காரவில்லை, மடியில் குதித்தான். முழங்கால் சரியாக இடது பக்கம் வந்து இறங்கியது.

கத்த வேண்டுமென்றால் காற்று வேண்டும். என்னிடம் இருந்த காற்றெல்லாம் ஒரே இடியில் போய்விட்டது. ஆகவே வாய் திறக்காமல், கண் இமைக்காமல், சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பையன் என் மீசையை இழுத்தான். நெஞ்சிலிருந்த காய்ந்த பூச்சைத் தட்டிப் பார்த்துச் சந்தோசப்பட்டான். மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"பரவால்லீங்களே! நாங்கூடப் பயந்துட்டேன். மச்சான் அசையவே இல்லீங்க."

தங்கை மட்டும் கிட்டே வந்து குனிந்தாள். "அண்ணா, கண்ணுல என்ன தண்ணி?"

காற்று கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. "பாசம் சாமி," என்றேன்.

காதுகுத்துக்கு முன்னால் பிளாஸ்திரியை எடுக்க டாக்டரிடம் போனோம். சட்டையைக் கழற்றியதும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். விரலால் பூச்சைத் தட்டினார். "இதெந்தா, தோசையோ?"

"உளுந்துங்க டாக்டரய்யா. மேலுக்கு," என்றாள் என் மனைவி பெருமையாக.

பிளாஸ்திரி வரும்போது தனியாக வரவில்லை. உளுந்தும் வந்தது, என் நெஞ்சு முடியும் வந்தது. டாக்டர் ஒரே இழுப்பாக இழுத்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் போட்ட சத்தத்தில், வெளியே வரிசையில் நின்ற இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எலும்பு சேர்ந்து வருகிறது, ஆனால் இன்னும் பச்சைதான், இடி படக் கூடாது என்றார். நாங்கள் காதுகுத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

கோயிலுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அந்த ரோட்டில் இருக்கிற குழியெல்லாம் என் விலாவை விசாரித்துவிட்டுத்தான் விட்டன. வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். மேளம், உறவுக்கூட்டம், பொங்கல் புகை. நான் கிழக்குப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்திலேயே, புது வேட்டியோடு, பெரியப்பா மகனும் உட்கார்ந்தான். மடியை ஒரு தடவை தட்டித் துடைத்துக்கொண்டான். "சும்மாத்தாண்டா," என்றான்.

முடியிறக்குவது ஆச்சரியமாக நல்லபடியாகவே முடிந்தது. தண்ணீரைத் தலையில் தெளித்ததும் பையனுக்குக் கண் சொக்கிவிட்டது. நாவிதர் பூப்போல வேலையை முடித்தார். ஆனால் ஆசாரி காதுகுத்தும் ஊசியோடு எதிரே வந்து உட்கார்ந்தாரோ இல்லையோ, பையன் விழித்துக்கொண்டான். எதற்கென்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பை வில்லாக வளைத்தான். அலறினான். கையைப் பிடிக்க ஒருவர், காலைப் பிடிக்க ஒருவர் என்று ஓடி வருவதற்குள், முழங்கையைப் பின்னால் இழுத்து ஒரே குத்து.

இந்தத் தடவை என் நெஞ்சில் காற்று இருந்தது. நிறையவே இருந்தது.

நான் போட்ட கூச்சலில் மேளக்காரர் நிறுத்திவிட்டார். வேப்பமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிப் போயின. எல்லாரையும்விட ஆச்சரியப்பட்டது பையன்தான். தன் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி, தலையைத் திருப்பி என்னையே பார்த்தான். அவன் திரும்பியதில் ஒரு காது ஆசாரிக்கு நேராக வந்து நின்றது. அவர் அனுபவஸ்தர். என்ன ஏது என்று கேட்கவில்லை. குத்தி, கம்பியை மாட்டி, முறுக்கியும் விட்டார். பையன் அதைக் கவனிக்கவே இல்லை.

கூட்டத்தில் குலவைச் சத்தம் எழுந்தது. தங்கை கும்பிட்ட கையோடு நின்றாள். ஆனால் இன்னொரு காது இருந்தது. இப்போது பையனுக்கு விசயம் உறைத்துவிட்டது. முன்னைவிட மோசமாகத் துள்ளினான். நான் வேர்த்து வழிந்து, வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. மாப்பிள்ளை குனிந்து, "மச்சான், முடியலீன்னா இந்தக் காதுக்கு மாத்திக்கலாமுங்க. தப்பில்ல" என்றார். பெரியப்பா மகன் அரை அடி நகர்ந்து வந்தான்.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாதி வேண்டுதலை நிறைவேற்றினால் சாமி பாதிப் பிள்ளையையா வைத்துக்கொள்ளும் என்றெல்லாம் அவளிடம் வாதாட முடியாது.

"வேண்டாமுங்க மாப்ள. நான் கத்தறேன்," என்றேன்.

கத்தினேன். "ஐயோ! அப்பா!" என்று கையை வேறு உதறினேன். இருபது வருசமாக ஊரையே சிரிக்க வைத்த நடிப்பு. பையன் ஒரு கணம் பார்த்தான். பொய் என்று கண்டுகொண்டான். மறுபடியும் அலற ஆரம்பித்தான்.

தங்கை என் தோளருகே மண்டியிட்டாள். "அண்ணா, முன்னக் கத்துனாப்பல கத்துண்ணா."

"அது வராது சாமி. அது தானா வரோணும்."

அப்போது என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு மாசத்துக்கு மேலாக அந்த விலாவை முட்டையைப் போலப் பொத்திப் பொத்திப் பார்த்தவள். சட்டைக்கு வெளியிலிருந்தே இடம் அவளுக்குத் தெரியும். "பொறுத்துக்கோங்க," என்று காதோரம் சொல்லிவிட்டு, சுட்டுவிரலை அந்த இடத்தில் வைத்து ஒரே அழுத்து அழுத்தினாள்.

அந்தச் சத்தத்தைப் பற்றி நானே எழுதுவது நன்றாக இருக்காது. கொழிஞ்சாம்பாறை வரை கேட்டதாக ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். பையன் பழையபடி வாயைப் பிளந்துகொண்டு, இந்தத் தடவை மறுபக்கமாகத் திரும்பிப் பார்த்தான். ஆசாரி காத்துக்கொண்டுதான் இருந்தார்.

முடிந்ததும் தங்கை குழந்தையைத் தூக்கவில்லை. முதலில் என் காலைத் தொட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து நின்றபோது யாரும் சொல்லாமலே அவள் கூட்டத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். பெரியப்பா மகன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து, "நானா இருந்தா இந்தக் கத்து கத்தியிருக்க முடியாதுடா" என்றான். அவனிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

பையன் மட்டும் மடியை விட்டு இறங்கவில்லை. மொட்டைத் தலையும் தங்கக் கம்பியுமாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். என் காதைப் பிடித்து இழுத்து, முன்னாலும் பின்னாலும் மடக்கிப் பார்த்தான். இந்தக் காதைப் பார்த்துவிட்டு அந்தக் காதையும் பார்த்தான். பிறகு, பாவமாக, என்னிடம் கேட்டான்.

"மாமா, உனக்கு எங்க குத்துனாங்க?"